நாற்பதில் ஒன்று

காலை ஒன்பதரை. கேலாங் செராய்ச் சந்தை வாசலில்
எட்டுப் பேர், எட்டுக் கழுத்துப் பட்டை.
சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்து
மழைக்காட்டின் சமையலுக்கு வருக என்கிறேன்.
லைப்ஸிக் தம்பதி உடனே காட்டைத் தேடுகிறார்கள்
வாகன நிறுத்துமிடத்துப் பக்கம்.

காடு இருக்கிறது, புக்கிட் தீமாவில்.
இலை பறித்தால் அபராதம்.
நாம் சமைக்கப்போவது படகேறி வந்த காடு,
பிளாஸ்டிக் கூடைக்குள்,
கிலோ இத்தனை வெள்ளி என்று அட்டை செருகிக்கொண்டு.

ரோஸ்மினாவின் கடையில் காந்தான் மொட்டொன்றை எடுத்து
ஒவ்வொரு மூக்கருகிலும் கொண்டுபோவேன்.
"எலுமிச்சைத் தோல், கொஞ்சம் ரோஜா, அடியில் இஞ்சி."
பெத்தாய் அவரைக்கு முன்கூட்டியே மன்னிப்பு. சிரிப்பார்கள்.
கெசும் இலைக்கு இருபது விநாடி மௌனம்.
எல்லாம் மனப்பாடம்.

பதினெட்டு மாதம் முன்பு ஒரு காய்ச்சல், ஐந்தே நாள்.
இறங்கிப் போகும்போது
மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
நிறுவனத்துக்குத் தெரியாது.
அவர்கள் படிவத்தில் கண்ணுக்குக் கட்டம் உண்டு,
காதுக்கு உண்டு,
முதுகுவலிக்குக்கூட உண்டு.

ஜூ சியாட் கடைவீட்டு மாடி. எட்டுக் கல்லுரல்.
இனிக் கெலுவாக்.
மரத்திலிருந்து விழுந்த அன்றைக்கு அது நஞ்சு.
வேகவைத்து, சாம்பலில் புதைத்து
யாரோ நாற்பது நாள் பேசாமல் இருந்ததால் உணவு.
காதலில் தலை கிறுகிறுத்தால்
மலாயில் இந்த மரத்தின் பெயரைத்தான் சொல்வார்கள் என்கிறேன்.
ஒசாகா பல் மருத்துவர் குறித்துக்கொள்கிறார்.

நாற்பதில் ஒன்று கெட்டிருந்தாலும் பானை முழுக்கப் போயிற்று.
தட்டி, வாய் திறந்து, கருஞ்சதையைச் சுரண்டி
முகர்ந்து பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.
அது வழிகாட்டியின் வேலை.
நான் அதை விருந்தாளியின் உரிமை ஆக்கிவிட்டேன்:
உங்கள் கெலுவாக், உங்கள் மூக்கு!
ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதுகிறார்கள்,
பங்கேற்பு அருமையாம்.

இன்றைக்கு மருத்துவர் சரி என்று நீட்டிய ஒன்றை
நானும் சரி என்று கவிழ்க்கப் போனேன்.
குறுக்கே ஒரு கை.
மரகதவல்லி. கோயம்புத்தூர், மோட்டார் பம்புக் கடை.
"இருங்க. இது ஊசிப்போச்சு."
பிறகு, இன்னும் தணிந்து,
"உங்களுக்கு வாடை தெரியலைங்களா?"
அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.
"இல்லை" என்றேன்.
ஒப்புக்கொள்கிற இல்லையா மறுக்கிற இல்லையா
எனக்கே பிடிபடாத ஓர் இல்லை.

ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.
வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.
மசாலா எண்ணெயில் விழுந்ததும் காதருகே:
"இப்பத்தான் பிரிச்ச புதுக் குடை மாதிரி."
புளித்தண்ணீர் கொதிக்கையில்:
"எங்க கடையில காயில் சுத்துவாங்க, அந்தச் சூடு.
ஆனா சாப்பிடலாம்."
காந்தான்?
"நீங்க சொன்ன ரோஜாவெல்லாம் இல்லைங்க.
சோப்புப் போட்டுக் கழுவின எலுமிச்சை."
கெலுவாக்குக்கு வந்தபோது வெகுநேரம் பேசவில்லை.
"மழை நின்ன மண்ணு. அதுக்குள்ள கொஞ்சம் காபி.
அதுக்கும் உள்ள...
சொல்லத் தெரியலைங்க. கிட்டப் போனா இருட்டா இருக்குது."

மற்ற ஏழு பேரும்
ஏதோ குடும்பக் கதை என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

கருத்துத் தாளில் அவள் எழுதிப் போனது ஒரே வரி:
வழிகாட்டிக்கு நல்ல காது.

பஸ் நிறுத்தத்தில் மழை பிடித்தது.
கைப்பைக்குள், டிஷ்யூவில் சுற்றி, அந்தக் கெட்டது.
சுற்றுமுற்றும் பார்த்து
நுனிநாக்கால் ஒரு தொடு.

கைத்தது.
நன்றாகவே கைத்தது.
இன்னொரு முறை தொட்டேன்,
என் பஸ் போய்விட்டது.